பெட்டிக்குள் அஞ்சலை

ஈப்போ பட்டணத்தில் அந்த வெள்ளைக்கார வித்தைக்காரர் ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்து இரண்டாக அறுத்த அன்று, கொட்டகையில் இருந்த அத்தனை பேரிலும் பெண்ணைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்த ஒரே பிறவி எங்கள் ரம்பம் அண்ணன்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் தச்சர்; நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ரம்பம் என்பது தொழிலால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். அவர் பேச்சை ஒருமுறை கேட்டவர்களுக்கு நிஜக் காரணம் தெரியும்.

மேடையில் பெட்டியின் ஒரு முனையில் தலை சிரித்தது, மறுமுனையில் கால்கள் ஆடின, நடுவே ரம்பம் இறங்கியது.

"கிராணியய்யா, அந்தக் காலு அந்தப் பொண்ணோடது இல்லலா" என்று காதில் கிசுகிசுத்தார் அண்ணன். "உள்ள ரெண்டு பேரு. ஆளுக்குப் பாதிப் பெட்டி. முடங்கிக் கெடக்குறாளுவ."

தோட்டத்துக்குத் திரும்பியதும் அதேபோல் ஒரு பெட்டி செய்தார். தலைக்கு மனைவி அஞ்சலை. காலுக்கு அவள் தங்கை பொன்னி. மாரியம்மன் திருவிழாவில் காட்டுவதாக ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார்.

கங்காணி எச்சரித்தார்: "தொரையே வாராரு. சொதப்புனா, தோட்டத்து மானமே போயிரும், பாத்துக்க."

திருவிழா மேடையில் ரம்பம் பாதி இறங்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சும்மா படுத்திருந்தால் சனங்களுக்குப் போதாது என்று அஞ்சலைக்குத் தோன்றியிருக்கிறது. ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் சேர்த்தாள்.

"ஐயோ, ஆத்தா! போறேனே!"

அண்ணனின் கை நின்றது. முகம் வெளுத்தது. ரம்பத்தை வீசிவிட்டு, தானே இழைத்து ஆணி அடித்த பலகைகளைப் பிய்த்து எறிந்தார்.

"அஞ்சல! எங்க பட்டுச்சு? ஏ அஞ்சல!"

ஒரு பாதியிலிருந்து அஞ்சலையும் மறுபாதியிலிருந்து பொன்னியும் தவழ்ந்து வந்தார்கள்.

"அடேய், பொம்பளைய ரெண்டா அறுத்தா, ரெண்டு முழுப் பொம்பளையால்ல வாராங்க!" என்றார் கங்காணி.

தோட்டமே சிரித்தது. துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மட்டும் மனைவியின் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து விம்மினார்.

"நீ செஞ்ச பெட்டிதானய்யா, கூறுகெட்ட மனுசா!" என்றாள் அஞ்சலை.

"பெட்டி தெரியும்லா. நீ கத்துனியே."

மேலும் ஏச வாயெடுத்த அஞ்சலை ஏசவில்லை. அத்தனை பேர் முன்னாலும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வித்தைகள் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடப் பிசகுவதில்லை; நானும் கைதட்டுகிறேன். ஆனாலும், அழுதுகொண்டே தன் வித்தையை உடைத்துப் போட்ட அந்த மனிதரைப்போல ஒரு வித்தைக்காரரையும் எனக்குப் பிடித்ததில்லை.