ஒரே ஒரு சுவர்

இந்த வீட்டில் ஒரு சுவராவது என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அன்று காலை முடிவு செய்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதன் இதைவிடக் குறைவாக எதைக் கேட்க முடியும்?

நான் வேலை செய்யும் அறைக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருந்தது. எனக்குச் சாம்பல் நிறம் பிடிக்கும். மனைவி மஞ்சள் என்று சொல்லிவிட்டாள்.

"உங்க மூஞ்சியே சாம்பல் நிறம்தான். சுவரும் அப்படி ஆயிட்டா, சாப்பிடக் கூப்பிட வரும்போது உங்களை எங்க தேடுறது?"

இதற்கு நல்ல பதில் உண்டு. ஆனால் எனக்குப் பதில்கள் மறுநாள்தான் வரும்.

பதில் இல்லாவிட்டால் என்ன, தொழில் ரகசியம் இருந்தது. நான் மென்பொருள்காரன். முகம் தெரியாத யாரோ எழுதி, ஊருக்கெல்லாம் திறந்து வைத்திருக்கும் நிரல்களை இறக்கி, என் கணினியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றுவது, அதாவது கம்பைல் செய்வதுதான் என் பிழைப்பில் பாதி. கூடவே மேக்ஃபைல் என்று ஒன்று வரும். எப்படிக் கம்பைல் செய்வது, முடிந்ததை எந்த ஃபோல்டரில் வைப்பது, எல்லாம் எழுதியவர் அதில் விதித்திருப்பார். அது பிடிக்காவிட்டால் அந்தக் கோப்பைத் தொடவே வேண்டாம். ஓடவிடும் கட்டளையோடு "அந்த ஃபோல்டர் இல்லை, இது" என்று சேர்த்தால் போதும். எழுதியது தோற்கும். கடைசியில் சொன்னது ஜெயிக்கும்.

போன வாரம் சாப்பிடும்போது இதை அவளுக்குப் பெருமையாக விளக்கினேன்.

"அப்ப எழுதினவன் இளிச்சவாயனா?"

"அப்படி இல்ல..."

"கடைசி நேரத்துல எவனாவது வந்து மாத்துவான்னு அவனுக்குத் தெரியாதா? அதுக்கும் ஒரு வழி வச்சிருப்பான்."

"ஒரு வழியும் கிடையாது. இதுலயே தலை நரைச்சவன் சொல்றேன்."

"சரி, தட்டை எடுங்க."

பெயிண்டர் வந்தார். மனைவி குளிக்கப் போனாள். கட்டளை கொடுக்க இதுதான் நேரம்.

"அண்ணே, மஞ்சள் வேண்டாம். சாம்பல்."

"சரிங்க சார்."

"அம்மா கேட்டா?"

"நான் பாத்துக்கறேன் சார்."

மார்பை நிமிர்த்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு புதிய நிரலை இறக்கி, என் ஃபோல்டரைச் சொல்லி ஓடவிட்டேன். முணுமுணுப்பே இல்லாமல் முடிந்தது. ஃபோல்டரைத் திறந்தால் காலி! மேக்ஃபைலைப் பிரித்தேன். ஃபோல்டரைச் சொல்லும் வரிக்கு முன்னால் 'ஓவர்ரைடு' என்று ஒரே ஒரு சொல். வெளியிலிருந்து எவன் என்ன சொன்னாலும் இதுதான் செல்லும் என்று அர்த்தம். நான் சொன்னதை மறுக்கவில்லை. மரியாதையாகக் காதில் வாங்கிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

இத்தனை வருடம் எனக்குத் தெரியாத சொல். பெயிண்டரின் "சரிங்க சார்" ஞாபகம் வந்தது. ஓடினேன்.

ஒரு சுவர் முழுக்க மஞ்சள்.

"என்னண்ணே இது?"

"அம்மா நேத்தே ஃபோன்ல சொல்லிட்டாங்க சார். 'அவர் வந்து வேற நிறம் சொல்வாரு. எதிர்த்துப் பேசாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு. சரின்னுட்டு மஞ்சளையே அடிங்க'ன்னு."

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"நீ மேக்ஃபைல் படிச்சியா?"

"அது எதுக்கு? உங்களைப் படிச்சிருக்கேன்ல?"

எங்கோ ஒரு மேதை மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, இவள் சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டாள். நான் என்ன கற்றேன்? யாரிடம் என் வேலையைக் காட்டினேன்? ஜன்னல் வெயில் அந்த மஞ்சளில் பட்டு, இருட்டறையில் விளக்கு வைத்ததுபோல் இருந்தது. அழகாகவும் இருந்தது; அதுதான் இன்னும் கொடுமை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் வீட்டுச் சுவருக்கு யார் குரலைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

"போகட்டும். ஜன்னல் கம்பிக்காவது நான் சொல்ற நிறம்?"

"தாராளமா. உங்க அறை, நீங்கதான் சொல்லணும்."

நீலம் என்றேன்.

"சரிங்க சார்" என்றார் பெயிண்டர். காலையில் சொன்ன அதே "சரிங்க சார்".