ஹார்ட்விக் விட்டெறிந்த பெரிய வார்த்தை

சம்பந்தியம்மாளை அசத்தியே தீருவது என்று ஹார்ட்விக் பிராய்னிங் முடிவு கட்டிவிட்டார். பூங்கொத்தால் அல்ல. பன்றி வறுவலால் அல்ல. இங்கிலீஷால்.

ஜெர்மனியில் நாகோல்ட் என்ற ஊரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஏற்றுமதி மேனேஜர். ஒரு ஜெர்மன்காரருக்குப் போதுமான இங்கிலீஷ் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் போதும் என்ற சொல் அவருக்குப் போதவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்தார். அதுவும் மேல்நிலைப் பிரிவில். சின்னச் சொல்லெல்லாம் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு, பண்பட்ட மனிதனுக்கு நீளச் சொல்தான் அழகு என்பது அவர் கட்சி. சவரம் செய்யும்போது ஒரு சொல், பல் துலக்கும்போது ஒரு சொல். வாய் நிறைய நுரையோடு அவர் பயிற்சி எடுத்தால் எதிரே இருக்கும் கண்ணாடி குளித்துவிடும்.

"நல்ல உச்சரிப்புன்னா கொஞ்சம் தெறிக்கத்தான் செய்யும்" என்பார். கண்ணாடியைத் துடைப்பவள் மனைவி ரோஸ்விதா.

மகள் ஸில்கே ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போன இடத்தில் ஃபெர்கஸ் என்ற பையனைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயே கடலோரத்தில் ஒரு சின்ன சர்ச்சில் கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு ஆசை. ஹார்ட்விக் மறுத்துவிட்டார். கல்யாணம் நாகோல்டில்தான். தீயணைப்புப் படை மண்டபத்தில்தான். அவர் தலைவராக இருக்கும் பேண்டு வாத்தியக் குழுதான் வாசிக்கும். எல்லாம் முடிந்தபின் பெண்ணின் தகப்பன் எழுந்து இங்கிலீஷில் பேருரை ஆற்றுவார். ஸில்கே போனில் அழுது பார்த்தாள். ரோஸ்விதா சொல்லிப் பார்த்தாள். மனுஷர் அசையவில்லை.

ஆகவே ஃபெர்கஸின் அம்மா மோராக், நேரிலேயே பேசி முடித்துவிடுவோம் என்று ஸில்கேயோடு கிளம்பி வந்தார்.

அவர்கள் வரவிருந்த சனிக்கிழமை காலையிலேயே ரோஸ்விதாவுக்குப் பாடம் தொடங்கிவிட்டது. அவள் மால்டாஷன் என்ற கறி அடைத்த கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்ததும் அந்தம்மா 'கிஃப்ட்' கொண்டாந்திருக்கேன்னு சொல்லுவாங்க. பயந்துடாதே. நம்ம பாஷையிலதான் அது விஷம். அவங்க பாஷையில பரிசு."

"நல்லவேளை சொன்னே. போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்."

"கிண்டல் வேணாம். நீ வாயே திறக்க வேணாம். சிரி, பரிமாறு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இங்கிலீஷ்ல நான் ஒண்ணு சொன்னேன்னா அது சொன்னதுதான். மாத்தவே மாட்டேன்."

"அப்ப சரி" என்று ரோஸ்விதா மாவை ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

சாயங்காலம் மோராக் வந்தார். கட்டை குட்டையான, கலகலப்பான பெண்மணி. ஹார்ட்விக் வாசலில் கைகளை விரித்து, மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷை இறக்கினார்:

"அம்மணி! தங்கள் வருகையினால் எமது எளிய இல்லம் பேருவகை எய்துகின்றது!"

"ரொம்ப சந்தோஷம். ஷூவைக் கழட்டணுமா?" என்றார் மோராக்.

மேஜையில் உட்கார்ந்ததும் ஹார்ட்விக் அடுத்த அடி வைத்தார். எனக்கு ஒன்று கிடைக்குமா என்று கேட்க நினைத்தார். ஜெர்மனில் கிடைப்பதற்கு உள்ள சொல், இங்கிலீஷில் 'ஆவது' என்ற சொல்லைப் போலவே ஒலிக்கும். அது காலை வாரிவிட்டது.

"யான் ஒரு மால்டாஷன் ஆகலாமோ?" என்றார்.

மோராக் அவருடைய தொப்பையை ஒரு பார்வை பார்த்தார். "தாராளமா. பாதி ஆயிட்டீங்களே!"

ஸில்கேக்குப் புரை ஏறியது. ஹார்ட்விக் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலை வணங்கினார்.

தட்டுகள் பாதி காலியானபோது மோராக் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஹார்ட்விக், ஒண்ணு கேக்கணும். இந்த நாகோல்ட் கல்யாணத்தை நீங்க 'ரெலின்குவிஷ்' பண்ணுவீங்களா?"

அந்தச் சொல் ஹார்ட்விக்குக்குத் தெரியாது. ஆனால் 'ரெலிஷ்' தெரியும். அன்று காலைச் சவரத்தில்தான் அதை முடித்திருந்தார்: ரசித்துச் சுவைப்பது. இது அதன் அண்ணனாகத்தான் இருக்கவேண்டும். அதே தலை, நீண்ட உடம்பு. ரெலிஷ் சாதாரண ஆளுக்கு, ரெலின்குவிஷ் கனவான்களுக்கு. அர்த்தம் கேட்பதா? மேல்நிலைப் பிரிவு மாணவரா?

கோப்பையோடு எழுந்து நின்றார்.

"அம்மணி! நாகோல்ட் திருமணத்தை யான் உளமார ரெலின்குவிஷ் செய்கின்றேன்!"

"அப்பா! நிஜமாவா?" ஸில்கே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மண்டபத்தையும் சேர்த்தா?" என்றார் மோராக்.

"மண்டபத்தையும்!"

"பேண்டு வாத்தியத்தை?"

"அதை யான் இளமை முதலே ரெலின்குவிஷ் செய்து வருகின்றேன்!"

"உங்க பேருரையை?"

"அனைத்திற்கும் மேலாக என் பேருரையை!"

ஸில்கே ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மோராக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். ஹார்ட்விக்கின் நெஞ்சு சட்டைப் பொத்தானோடு சண்டை போட்டது. ஒரே ஒரு சொல்! பெண்கள் இருவர் கண்ணீர்! வகுப்பில் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

சாப்பாடு முடிந்து ஸில்கேயும் மோராக்கும் தோட்டத்துக்குப் போனார்கள். ஹார்ட்விக் சமையலறையில் தட்டுத் துடைத்தபடியே, அந்த அருமையான சொல்லை இன்னும் எங்கெங்கே போடலாம் என்று கைபேசியில் பார்த்தார். விட்டுக்கொடுத்தல். கைவிடுதல். உரிமை துறத்தல்.

தட்டு நழுவப் பார்த்தது.

"ரோஸ்விதா! பெரிய அநியாயம் நடந்துபோச்சு! அந்த வார்த்தை..."

"எந்த வார்த்தை? தெரிஞ்சுதானே சொன்னே?"

எனக்கு அர்த்தம் தெரியாது என்ற வாக்கியம் அவர் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே ஸில்கே போனில் ஃபெர்கஸிடம் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"தெ... தெரிஞ்சுதான்."

"அதான பாத்தேன். நான் மோராக்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். நீளமான வார்த்தையில கேட்டா எங்க வீட்டுக்காரர் இல்லைன்னே சொல்ல மாட்டார்னு."

"சொன்னியா? எந்த பாஷையில?"

"இங்கிலீஷ்லதான். நீ வகுப்புக்குப் போற நாளெல்லாம் நாங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்குவோமே."

ஹார்ட்விக் காய்ந்த தட்டை மறுபடியும் துடைத்தார். கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்தது. மகளுக்காகப் பெருந்தன்மையோடு மண்டபத்தையே துறந்த தகப்பன்! கம்பெனியில் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். முதுகு நிமிர்ந்தது.

"சரி, கல்யாணம் கடலோரத்துலயே நடக்கட்டும். நான் வாக்கு மாற மாட்டேன். ஆனா, பேருரை மட்டும்... பெண்ணோட அப்பா பேசாம எப்படி?"

"அதைத்தான் அனைத்திற்கும் மேலாகத் துறந்துட்டியே. மோராக் என்னைப் பேசச் சொல்லிட்டாங்க."

"நீயா! இங்கிலீஷ்லயா! அத்தனை பேர் முன்னாடி?"

"ஆமா. சின்னச் சின்ன வார்த்தையாத்தான் பேசப் போறேன்" என்றாள் ரோஸ்விதா. "உனக்கும் புரியணும் இல்லியா?"