எழுதாத மூடிக்கு என்ன சட்டம்?

வரைபடம் போட்டவர்களுக்கு மை தீர்ந்துபோனதால் விடுபட்ட நாடு ஒன்று உண்டு. பெயர் பெட்டகநாடு. அங்கே அரசு ஓலை எதுவும் பெட்டிக்குள் அடைபட்டுத்தான் ஊருக்கு வரும். உள்ளே இருப்பதை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அடைப்பவர் மூடியில் எழுத வேண்டும். அடைப்பவர்களோ சோம்பேறிகள், எழுதாமலே அனுப்பினார்கள். ஆகவே எழுதாத மூடிக்கு என்ன சட்டமோ, அதுவே நாட்டை ஆண்டது.

கடைமடை ஊரில் மதகு காத்தவள் நீலாயி. தண்ணீர் முறை எழுதிய பெட்டி வந்து பத்து நாளாயிற்று. நெல் பால் பிடிக்கும் பருவம். வயலோ வெடித்துக் கிடந்தது. எழுதாத மூடியை அடைத்தவர் மட்டுமே திறக்கலாம் என்பது சட்டம். அடைத்தவர் இருப்பது தலைநகரில். நீலாயி பெட்டியில் காது வைத்துப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு பெட்டக அமைச்சர் வித்தகசேனரிடம் நடந்தே போனாள்.

"தொட்டா குத்தம்ங்கிறீங்க. அப்புறம் எதுக்குய்யா அனுப்புறீங்க?"

"பாதுகாப்பு, அம்மணி! இன்றுவரை ஓர் எழுத்துகூடத் திருடுபோனதில்லை."

"படிச்சாத்தானே திருட!"

அமைச்சர் மனமிரங்கினார். மறுநாளே புதுச் சட்டம்: எழுதாத மூடியை எவரும் திறக்கலாம், படிக்கலாம், திருத்தலாம். நீலாயி ஊர் திரும்புவதற்குள் மேல்மடைக்காரர்கள் பதினொரு பேர் வந்து, இருந்ததைப் படிக்கக்கூட நிற்காமல் ஓலையைத் திருத்தியிருந்தார்கள். வரிக்கு வரி முதல் முறை தங்களுக்கே. ஒருவர் ஓரத்தில் தன் மகனுக்குப் பெண் தேவை என்றும் எழுதிவைத்திருந்தார். மதகடியில் மண்வெட்டிகள் உயர்ந்தன. சண்டை ஓயுமுன் தண்ணீர் கடலுக்குப் போய்விட்டது.

மீண்டும் நடந்தாள்.

"மறுபடியுமா? பூட்டினாலும் புகார், திறந்தாலும் புகார்!"

"சந்தையில எடைக்கல்லு இருக்குல்லய்யா? எல்லாரும் பாக்கலாம், எடுத்து நிறுக்கலாம். செதுக்கணும்னா மட்டும் முத்திரை போட்டவருதான் வரணும். பெட்டிக்கும் அப்படி வச்சா என்ன?"

மூன்று குழுக்கள் கூடிக் கலைந்தன. மறுக்கக் காரணம் கிடைக்காததால் அதுவே சட்டமாயிற்று. புதுப் பெட்டி வந்தது. மதகடியில் எல்லா ஊர்க்காரர்களும் கூடியிருக்க, நீலாயி உரக்கப் படித்தாள்.

"முதல் ஆறு நாள், அமைச்சர் வித்தகசேனர் தோப்புக்கு. ஏழாம் நாள், மற்ற ஊர்களுக்கு."

"இன்னொருவாட்டி படி தாயி," என்றார் மேல்மடைக் கிழவர் ஒருவர்.

படித்தாள். திறக்காமலே கிடந்த பழைய பெட்டிகளையும் தூக்கி வந்தார்கள். இருபது வருடத்து ஓலைகளிலும் அதே ஆறு நாள், அதே தோப்பு.

ஒருவரும் ஓலையைத் திருத்தவில்லை. எல்லாரும் சேர்ந்து போய்த் தோப்பு வாய்க்காலை அடைத்தார்கள். அன்று மாலை கடைமடை வயலின் வெடிப்புகளில் தண்ணீர் இறங்கும் சத்தத்தை நீலாயி குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முரசு வந்தது.

"படிக்கும் உரிமை எல்லாருக்கும் என்றென்றும் உண்டு! பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் நாளை முதல் விடுமுறை!"

"எத்தனை நாளைக்குய்யா?" என்று கேட்டாள் நீலாயி.

முரசுக்காரர் ஓலையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அதை எழுதலையேம்மா."