கொட்டகையில் முந்நூறு குதிரை

சனிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தபோது ஸ்டெல்லன் தன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தவை அவனுடைய ரப்பர் செருப்புகள் இரண்டும்தான். மனைவி பிரிட்டா கையில் போனோடு கொட்டகைக்கு வந்து அந்தச் செருப்புகளைப் பார்த்துப் பேசினாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் கணவனின் முகத்தைவிட அவற்றோடுதான் அவள் அதிகம் பேசியிருக்கிறாள்.

"உமெயோ ஆஸ்பத்திரியிலேருந்து பேசினாங்க. உன் அக்காவுக்கு ரொம்ப முடியலையாம். இன்னிக்கோ நாளைக்கோங்கிறாங்க."

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி," என்றது வண்டி.

வாசகரே, இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான நேரம் வாய்க்காது. குறைந்த செலவில் குதிரை சேர்க்கிறவன் என்று இவனுக்குப் பெயர் வைக்கலாம். பணக்காரனோடு இவனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பணக்காரனுக்கு வேகம் வேண்டுமென்றால் வேகமான வண்டியாக வாங்குவான். விஷயம் அத்தோடு முடிந்தது. நம்மவனோ, நாயையும் விறகையும் உருளைக்கிழங்கு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போவதற்கென்றே பிறந்த முப்பது வயது ஸ்டேஷன் வேகன் ஒன்றைப் பிடித்து, அதன் நூற்றுப் பதினான்கு குதிரைத்திறனை முந்நூறு ஆக்குவேன் என்று சூளுரைத்து, அதையும் காசில்லாமல் செய்து காட்டுவேன் என்று கூடுதலாக ஒரு சபதமும் போடுகிறவன்.

இவனுடைய மதத்தில் ஒரே ஒரு நம்பிக்கைதான். எல்லா எஞ்சினும் பலசாலியாகத்தான் பிறக்கிறது. வடிவமைத்த கோழைகள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். கட்டை அவிழ்த்துவிட வேண்டியது மட்டுமே நம் வேலை. எப்படி அவிழ்ப்பது? எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ, காயலான் கடையில் மழையில் நனைந்துகொண்டிருந்த லாரியிலிருந்து. சூடான காற்றைக் குளிர்விக்கிற ரேடியேட்டர், யாரோ பள்ளத்தில் கவிழ்த்த வேனிலிருந்து. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, சொந்த வீட்டு மீன்தொட்டியின் காற்றுக் குழாயிலிருந்து. அந்த வாரம் மீன்கள் கொஞ்சம் சோர்வாக இருந்ததாக பிரிட்டா இன்றைக்கும் சொல்வாள்.

சேர்த்த குதிரைகளை எண்ணிப் பார்க்க வேண்டாமா? அதற்கென்று மெஷின் வைத்திருக்கிறார்கள், போனால் பணம் கேட்பார்கள். ஆகவே நம்மவன் இடுப்பால் அளப்பான். நண்பன் ஹெம்மிங்கைப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கிற நேர்ச்சாலையில் ஒரு மிதி மிதிப்பான்.

"தெரியுதா?"

"என்ன தெரியணும்?"

"முதுகுல தள்ளுதுல்ல?"

"தள்ளுற மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா! இருபது குதிரைடா இது. இருபதுக்குக் குறையாது."

பாவம் ஹெம்மிங். முதுகுவலிக்காரன். அவன் முகம் சுளித்ததையெல்லாம் கூட்டித்தான் முந்நூறு என்ற கணக்கு வந்தது.

குதிரை கூடியதும் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் கியர்பெட்டி முனகும். கியர்பெட்டியைச் சரிசெய்தால் அதுவரை வாயைத் திறக்காத ஹெட் காஸ்கெட் புகைய ஆரம்பிக்கும். நம்மவனுக்கு இதில் வருத்தம் உண்டா? கிடையவே கிடையாது. அவன் கண்ணுக்கு இது வண்டி உடைவதல்ல. அடுத்த கோழையைக் கண்டுபிடிப்பது.

வருடத்துக்கு ஒரு முறை சோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தின வார இறுதியில் இந்த இனம் முழுவதும் ஒரே சடங்கைச் செய்யும். கம்பளியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கும் பழைய சைலன்சர், பழைய காற்றுப் பெட்டி, பழைய குழாய்கள் எல்லாவற்றையும் இறக்கி மாட்டி வண்டியை மறுபடியும் சாதுவாக்கும். பொல்நேஸ் சோதனை நிலையத்தில் இருக்கும் மோனா இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

"என்ன ஸ்டெல்லன், இந்த வருஷமும் பசு வேஷமா?"

"பசுதான் மோனா. எவ்வளவு அமைதியா நிக்குது பாரு."

"நிக்குறதுல உன் வண்டியை அடிச்சிக்க ஆளே இல்ல. அதை நான் ஒத்துக்கறேன்."

மோனா முத்திரை குத்திவிடுவாள். வீடு திரும்பிக் காபி ஆறுவதற்குள் பசு கழற்றப்படும். உள்ளே இருக்கும் குதிரைகளை வெளியே எடுக்க மட்டும் இரண்டு மாதம் ஆகும்.

உண்மையில் அது அவனுடைய அக்கா குன்வோரின் வண்டி. பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலை கிடைத்து அவள் வடக்கே உமெயோவுக்குப் போனபோது சாவியைத் தம்பியிடம் கொடுத்தாள். "எந்தக் குளிர்லயும் கிளம்பும்டா. நீ ஒண்ணும் பண்ணாம இருந்தா அதுவே போதும்," என்றாள். தம்பி வாக்குக் கொடுத்தான்: "சின்னதா ஒரு வேலை இருக்கு. முடிச்சுட்டு இதுலயே வந்து உன் வாசல்ல நிறுத்தறேன். மூணு மணி நேரத்துல வந்துருவேன் பாரு." நானூறு கிலோமீட்டர். கிறிஸ்துமஸுக்கும் நடுக்கோடைக்கும் குன்வோர் ரயிலில் வந்துபோனாள். தம்பி ஒரு தடவையும் போகவில்லை. போகக் கூடாது என்றில்லை. வண்டி தயாராகவில்லை, அவ்வளவுதான். மார்ச் மாதம் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுகூட, ஹெட் காஸ்கெட் வந்ததும் கிளம்பிவிடுவதாக இருந்தான். பிரிட்டா இரண்டு தடவை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

சரி, கொட்டகைக்குத் திரும்புவோம். பத்தடி தள்ளி பிரிட்டாவின் சின்ன வண்டி நிற்கிறது. அறுபத்தெட்டுக் குதிரை. ஸ்டெல்லன் அதற்கு வைத்த பெயர் தையல் மெஷின். சாவியைத் திருப்பினால் கிளம்பும். அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது.

"யோசிச்சுப் பாரு பிரிட்டா," என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல். "உன் தையல் மெஷின்ல அஞ்சு மணி நேரம். இதை ஒரு மணி நேரத்துல மூட்டிடுவேன். அப்புறம் மூணு மணி நேரம். நாலுதான் ஆகுது. இதுதான் சீக்கிரம்."

இந்தக் கணக்கை இந்த இனத்தைத் தவிர வேறு யாராலும் போட முடியாது. அதில் ஒரு பிழையும் கிடையாது, பதினோரு வருடம் விட்டுப்போனதைத் தவிர.

ஐம்பது நிமிடம் மூட்டினான். போல்ட் ஒன்று மரை தேய்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. பிரிட்டா குனிந்தாள். அவன் நெஞ்சின்மேல் தன் வண்டிச் சாவியை வைத்தாள்.

"எழுந்திரு. எனக்கு மருந்துக்கடையில சாயங்காலம் வரைக்கும் டியூட்டி. நாளைக்கு ரயில்ல வந்துடறேன். நீ இப்பவே கிளம்பு. கையைக் கழுவிட்டுப் போ, அவ பிடிச்சுக்கப் பார்ப்பா."

போனான். வழியெல்லாம் எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே போனான். ஸுண்ட்ஸ்வால் வந்தது, உயரமான தொங்குபாலம் வந்தது, ஒரு தட்டல் இல்லை, ஒரு புகை இல்லை. குறையே இல்லாத வண்டியில் நானூறு கிலோமீட்டர் போவதைப் போன்ற அவமானம் இவனுக்கு வேறு உண்டா? மூன்றே காலுக்கு உமெயோவில் இருந்தான்.

குன்வோர் தலையணையில் பாதிதான் தெரிந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"எதுல வந்த?"

"அதுலதான்."

"எவ்வளவு நேரமாச்சு?"

"மூணு மணி நேரம்."

"பொய்யி. பிரிட்டா போன் பண்ணிட்டா." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. இருமல் அடங்கிய பிறகு கேட்டாள்: "எப்படி ஓடுச்சு தையல் மெஷின்?"

ஸ்டெல்லன் தன் கையைப் பார்த்தான். நகத்தோரம் கறுப்பு இன்னும் இருந்தது.

"நல்லாத்தான் ஓடுச்சு."

ஒப்புக்கொள்வதற்கு முந்நூறு குதிரை இழுத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். பெரும்பாலும் அவள்தான். கடைசியில் வீட்டுச் சாவியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "இங்க வந்து வாங்கின என் வண்டியில இன்னும் பனிக்கு மாட்டின ஆணி டயர்தான்டா இருக்கு. ஏப்ரல் முடியப் போகுது. போலீஸ்காரன் பார்த்தா அபராதம் போடுவான். கோடை டயர் நாலும் நிலவறையில இருக்கு. மாத்திடறியா?"

நீ எங்கே ஓட்டப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

"காலையில முதல் வேலையா மாத்திடறேன்."

"டயர் மட்டும்," என்றாள் குன்வோர். "வேற எதையும் தொடாதே. கேக்குதா? டயர் மட்டும்."

ஞாயிறு காலை அவள் தூங்குவதாகச் செவிலியர் போனில் சொன்னார். எட்டு மணிக்கு ஸ்டெல்லன் அவள் வீட்டு வாசலில் ஜாக்கி போட்டான். டயர் மாற்றுவது இவனுடைய இனத்துக்குக் கேவலமான வேலை. அதில் ஒரு குதிரையும் சேராது. ஆனாலும் ஒழுங்காகச் செய்தான். முன்னால் இரண்டு. பின்னால் வலது. அப்புறம் முதுகை நிமிர்த்தியவன், சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று பானெட்டைத் திறந்தான்.

காற்று உள்ளே போகிற வழியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சத்தத்தைக் குறைக்க வைத்தது. வேறு ஒரு உபயோகமும் இல்லை. அதை எடுத்துவிட்டால் நாலு குதிரை. செலவே கிடையாது. இரண்டே திருகு. அக்காவுக்குத் தெரியக்கூடத் தெரியாது, ஆனால் வண்டி எப்படிச் சீறும்! திருப்புளியும் கையிலேயே இருந்தது. என்ன செய்வான் மனிதன்?

போன், உள்ளே நடையில் மாட்டியிருந்த சட்டைப்பையில் இருந்தது. கை கழுவ உள்ளே போனபோதுதான் பார்த்தான். மூன்று அழைப்புகள். முதல் அழைப்பு வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். தையல் மெஷின் உடனே கிளம்பியது. அவன் போய்ச் சேர்ந்தபோது, ஒருவர் போய்விட்டால் செய்வதுபோல், செவிலியர் அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார்.

"இப்பதான்," என்றார் அவர். "உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. டயர் மாத்தப் போயிருக்கார்னு சொன்னேன். சரின்னாங்க."

இவனைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் வீட்டில் கொட்டகை இல்லை. டர்போவுக்கு எத்தனை இறக்கை என்று கேட்டால் விழிப்பீர்கள். நல்லது. ஆனால் இந்த இனத்துக்குக் கையில் கிரீஸ் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு கூப்பிடலாம், பையனுக்கு வேலை கிடைத்த பிறகு போகலாம், கொஞ்சம் இளைத்த பிறகு போய் நிற்கலாம் என்று நீங்கள் தள்ளி வைத்திருக்கும் அந்த ஒருவர் யார்? பெயரை என்னிடம் சொல்ல வேண்டாம். இதைப் படித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று இப்போது நினைத்தீர்களே, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஸ்டெல்லன் அந்தக் கறுப்புப் பெட்டியைத் திரும்ப மாட்டினான், இரண்டு திருகையும் இறுக்கினான். குன்வோரின் வண்டி இன்னும் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. பின்பக்கம் இடது சக்கரத்தில் ஆணி டயர்.