சீதனக் கிணற்றில் பாதரசம்

மூன்று பேர் கூடிய இடத்தில் இன்றும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை துணிந்து பேசினேன். அன்றைக்கும் பேசாமல் இருந்திருக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் கொக்குவிலில் ஓர் ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவினேன். (ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.) அங்கே மிஸ் ஒருவர் ஒரு மருந்து செய்திருந்தார். தண்ணீரில் நாலு துளி விட்டு ஊதா விளக்கின் கீழே பிடிக்க வேண்டும். பாதரசம் இருந்தால் ஒளிரும். இல்லாவிட்டால் இருண்டு கிடக்கும்.

"ஆராவது நல்ல கிணத்துத் தண்ணி கொண்டு வாங்கோ" என்றார்.

எனக்குக் கோப்பாயில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சீதனம், ஒரு காணியும் அதிலுள்ள கிணறும். அந்தத் தண்ணீரைத்தான் கொண்டுபோனேன், சலவைத் தூள் போட்டு மினுங்கத் தேய்த்த போத்தலில்.

விளக்கைப் போட்டதும் தண்ணீர் நீலமாகப் பற்றியெரிந்தது.

"ஐயோ! உதைக் குடிக்கிறவையோ?" மிஸ் பதறிப்போனார்.

நானே இரண்டு செம்பு குடித்திருந்தேன். சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன், அதுவும் ஒளிர்கிறதோ என்று.

"பொறுங்கோ, திரும்பச் செய்து பாப்பம்" என்று அவர் சொல்லி முடிக்கமுன் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

கோப்பாயில் பெண் வீட்டு முற்றத்தில் மாமாவும் சொந்தக்காரர் பத்துப் பேரும்.

"கிணத்திலை பாதரசம்! ஒருத்தரும் குடியாதேங்கோ!"

மாமா மெல்ல எழுந்தார்.

"தம்பிக்கு வேறை காணி வேணுமெண்டால் நேரை கேக்கலாம். கிணத்தை ஏன் பழிக்கிறீர்?"

"இல்லை மாமா, விளக்கிலை பாத்தது..."

"பட்டப்பகலிலை விளக்குப் பிடிச்சவராம்!" என்றாள் ஒரு மாமி.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு நிச்சயித்த பெண்ணின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"அப்பா, பிறந்த நாள் துவக்கம் உந்தத் தண்ணிதான் குடிக்கிறன். நானும் நஞ்சோ எண்டு கேளுங்கோ."

கலியாணம் முடிந்தது, நடக்காமலே. பாதரசம் அங்கேயே என்னைக் கொன்றிருந்தால் நல்லது என்று பட்டது.

அப்போது மிஸ் வழி கேட்டுக் கேட்டுச் சைக்கிளில் வந்து இறங்கினார், வேர்த்து விறுவிறுத்து.

"சுத்தமான தண்ணி விட்டாலும் உந்தப் போத்தல் ஒளிருது! என்னத்தாலை கழுவினீங்கள்?"

"சலவைத் தூள், மிஸ்."

வெள்ளை உடுப்பை மினுங்கவைக்கும் சரக்கு அதில் இருக்கிறதாம். ஊதா விளக்கில் அதுவும் ஒளிருமாம். மிஸ் வேறு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். (அது இருண்டுதான் கிடந்தது.)

மாமா சோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒரு வாளி அள்ளி என் முன்னால் வைத்தார்.

"குடியும்."

வயிறு முட்டக் குடித்தேன். கதவுக்குப் பின்னால் அடக்கமுடியாத சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பால்தான் எனக்குக் கலியாணம் நடந்தது.

இன்றும் மனைவி வீட்டுப் பந்தியில் முதல் செம்பு எனக்குத்தான். நான் குடித்துவிட்டு உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்த பிறகே மற்றவர்கள் குடிப்பார்கள்.