ஒரு இன்ட்யூபிடப்ளியும் அஞ்சு மூட்டை உப்பும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேலை. மரக்காணம் உப்பளத்துல இருந்து அனுமந்தைக்கு அஞ்சு மூட்டை உப்பு கொண்டு போகணும். கொஞ்ச தூரம்தான். தப்பு நடக்க எடமே இல்ல.

முந்தாநாள் சாயங்காலமே செல்வி அக்கா போன் பண்ணிடுச்சு. அனுமந்தையில கருவாடு போடற அக்கா.

"டேய், நாளைக்கு வாளை மீன் நெறைய வருது. பத்து மணிக்குள்ள உப்பு வந்துடுமா?"

"கண்டிப்பா வந்துடும்க்கா."

"இந்தக் கண்டிப்பா எல்லாம் வேணாம். போன வாட்டி அப்படிச் சொல்லிட்டு மறுநாள் வந்தவன் நீ. பாலுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கிறேன்."

பாலுவும் என்ன மாதிரி உப்பு லோடு ஓட்டறவன்தான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நைட் ஸ்கூல்ல கத்துக்கிட்ட ஒரு இங்கிலீஷ் வார்த்தை பல வருஷமா சும்மா கெடந்துச்சு. எடுத்து விட்டேன்.

"இன்ட்யூபிடப்ளி!"

"அப்படின்னா?"

"சந்தேகத்துக்கே எடமில்லன்னு அர்த்தம்க்கா. கண்டிப்பாவுக்கு அண்ணன்."



"அப்ப சரிப்பா. பாலுவ வேணாம்னுடறேன்."

டேய்ல இருந்து 'பா'வுக்கு ப்ரமோஷன்!

காலையில ஒம்பதுக்கு லோடு ஆட்டோவுல மூட்டைய ஏத்திக்கிட்டுக் கெளம்பினேன். ஈசிஆர்ல ஏறினதும் பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி? வீட்டுல தண்ணி ட்ரம்முக்குக் கீழ பத்திரமா இருக்குது.

பத்து மணிக்கு அக்கா போன். "எங்கப்பா இருக்க?"

"வந்துட்டே இருக்கேன்க்கா."

வண்டி நின்னுட்டே இருந்துச்சு.

பத்தரைக்கு மறுபடியும். "டேய்!"

ப்ரமோஷன் போச்சு.

"நீ அந்த வார்த்தை சொன்னியேன்னு மீனையெல்லாம் கீறி வெச்சிட்டேன்டா! கண்டிப்பான்னு சொல்லியிருந்தா, உப்பைக் கண்ணால பாத்துட்டுதான் கத்தியவே எடுத்திருப்பேன். வெயில் ஏறுது! கெட்டுப்போச்சுன்னா மொத்தத்தையும் கடல்லதான் கொட்டணும்!"

அப்பதான் நைட் ஸ்கூல் சார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. "சூரியன் கெழக்கால உதிக்குங்கற மாதிரி விஷயத்துக்கு மட்டும் அந்த வார்த்தையப் போடுங்கப்பா."

என் டயர் அந்த லிஸ்ட்ல இல்ல.

ஒரு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன். கண்டக்டர் மூட்டைங்களப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

"நீ வேணா ஏறு. உப்பு நடந்து வரட்டும்."

பஸ் போன பின்னாடி ஒரு காலி வண்டி வந்து நின்னுச்சு. பாலு!

"இன்னாண்ணே, பஞ்சரா? எங்க லோடு?"

"அனுமந்தை."

"செல்வி அக்காவுக்கா? யாரோ ஒருத்தரு உறுதியா வர்றாருன்னு என்ன வேணாம்னுச்சே! யாருண்ணே அது?"

நான் மூட்டையத் தூக்கி அவன் வண்டியில போட்டேன்.

போய்ச் சேர்றப்ப பதினொண்ணு. அக்கா திட்டக்கூட இல்ல, மூட்டையப் பிரிச்சு உப்ப அள்ளுச்சு. என்னையும் பாலுவையும் உக்கார வெச்சு, ஆளுக்கு ஒரு குவியல் மீனைத் தள்ளுச்சு. கை எரிய எரிய தேச்சோம். மீன் கெடாம தப்பிச்சிடுச்சு.

கடைசி மீனுக்கும் உப்பு வெச்சிட்டு அக்கா நிமிந்துச்சு.

"அடுத்த வாட்டி நீ கண்டிப்பான்னே சொல்லுடா. அதுக்கு எவ்ளோ லேட்டாகும்னு எங்களுக்குத் தெரியும்."