அம்மா திருத்திய கொரியன் கொப்பி

என் தாய்மொழியை நான் தாய்க்குத் தெரியாமல்தான் படித்தேன். பிழை என்னுடையதுதான். அம்மா கொரியாவில் பூசான் துறைமுகத்தில் பிறந்தவர். கப்பலில் சமையற்காரராக இருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு கொழும்புக் கொட்டாஞ்சேனைக்கு வந்து, மீன்காரர்களோடு விலை பேசிப் பேசியே தமிழைப் பிடித்துவிட்டார். என்னோடு மட்டும் கொரியன். எனக்கு ஏழு வயதானபோது, பள்ளிக்கூடத்துப் பையன்கள் "சீனாக்காரி மகன்" என்று கத்தினார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, இனிமே தமிழ்ல மட்டும் கதைங்க" என்று சட்டம் போட்டேன். (வீட்டில் எனக்கு அவ்வளவு அதிகாரம்.) அம்மாவும் அப்படியே செய்தார். அன்றோடு அவருக்குத் தன் மொழியில் கதைக்க ஆள் இல்லாமல் போனது.

என் இருபத்திரண்டாவது வயதில், யுத்தம் உச்சத்தில் இருந்த காலத்தில், ஒரு கடிதம் வந்தது. படத்தில் மட்டும் நான் பார்த்திருந்த அம்மாவின் அண்ணன் டிசம்பரில் கொழும்புக்கு வருகிறாராம். அம்மா அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தார். பிறகு, "மாமாவோட நீ எப்பிடி மகன் கதைப்பாய்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விமான நிலையத்தில் நான் மாமாவைக் கொரியனில் சரளமாக வரவேற்க வேண்டும், அம்மா வாயடைத்து நிற்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் பயணிகளுக்கான கொரியன் கையேடு கிடைத்தது. முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. வணக்கம், நன்றி, நலமா எல்லாம் அந்த நாற்பதோடு போயிருந்தன. மிச்சம் இருந்தவை துறைமுகம், ரயில், தொலைந்த பெட்டி. கிடைத்ததைப் படித்தேன். வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த தொலைபேசிக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் கொப்பியில் எழுதினேன். இடப்பக்கம் கொரியன், வலப்பக்கம் தமிழ். இரண்டு மாதத்தில் கொப்பி நிரம்பியது. கூடவே பெரிய பண்டிதன் என்ற நினைப்பும் வந்துவிட்டது.

குண்டுக்குப் பயந்து, பஸ்ஸில் போகிறவர்களை வழிநெடுக இறக்கிச் சோதித்த நாட்கள் அவை. அந்தக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் கொழும்பின் குறுக்கே போய்வர ஒரு தமிழ்ப் பையனுக்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு சனிக்கிழமை காலை, சோதனைச்சாவடியில் கான்ஸ்டபிள் கொப்பியை விரித்தார். "மே மொகக்த?" இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கொரியன், மாத்தயா. என்ட அம்மா கொரியாக்காரி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். அது அப்படியே அப்பாவின் முகம். கொரியாவுக்கு அதில் ஓர் அங்குலம்கூட ஒதுக்கப்படவில்லை. அரை மணியில் நான் பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் இருந்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட், பொறுப்பதிகாரிக்கு முன்னால் நின்று என் வலப்பக்கங்களை உரக்கச் சிங்களத்தில் பெயர்த்துப் படித்தார்.

"துறைமுகத்துக்கு எந்த வழியால் போவது? ரயில் எத்தனை மணிக்கு வரும்? பெட்டியை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா?"

ஒவ்வொரு வரிக்கும் அறையில் சத்தம் குறைந்துகொண்டே போனது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அது வரவேற்புக்கென்று நானே சொந்தமாக எழுதியது.

"மாமா டிசம்பரில் வருகிறார். எல்லோரும் காத்திருக்கிறோம்."

"ஆர் அந்த மாமா?" என்றார் பொறுப்பதிகாரி.

"மாமாதான், சேர்." (சத்தியமாக வேறு பதில் என்னிடம் இல்லை.)

இதை இப்போதுதான் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அப்படி உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது.

ஆள் அனுப்பி அம்மாவை அழைத்தார்கள். ஒரு கையில் குடை, மறு கையில் கடவுச்சீட்டு என்று வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வழக்கில் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்காகப் பொறுப்பதிகாரி கொப்பியை நீட்டினார்.

"இது கொரியன்தானா, நோனா?" சிங்களத்தில் நோனா என்றால் அம்மணி.

அம்மா ஒரு பக்கம் வாசித்தார். இன்னொரு பக்கம் வாசித்தார். நெற்றி சுருங்கியது.

"இல்லையே" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. பெற்ற தாய்!

"கொரியன் மாதிரி ஒண்டு" என்று முடித்துவிட்டு, மேசையில் கிடந்த சிவப்புப் பேனையைக் கேட்காமலே எடுத்தார். முதல் வரியை வெட்டினார். இரண்டாவதையும் வெட்டினார். "இது என்ன எழுத்து மகன், நண்டு நடந்த மாதிரி? எந்தக் கழுதை உனக்குப் படிப்பிச்சது?"

"நான்தான்மா."

பொலிஸ்காரர்கள் ஒவ்வொருவராக மேசையைச் சுற்றிக் கூடினார்கள். சார்ஜன்ட் பக்கம் புரட்டிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் பேனை நின்றது. மாமாவைப் பற்றிய வரிக்குக் கீழே, "இனி அம்மாவோடு நான் கதைப்பேன்" என்று எழுதியிருந்தேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எனக்கும் அழுகை வந்தது. அப்படிக் கதைக்கப் பதினைந்து வருடம் பிந்திவிட்டேன் என்பது அந்த வாங்கில் வைத்துத்தான் உறைத்தது.

பொறுப்பதிகாரி தொண்டையைச் செருமினார். "எத்தனை மார்க்ஸ், நோனா?"

"நூத்துக்குப் பதினெட்டு."

"இவ்வளவு மோசமா எழுதுறவனை எவனும் உளவு வேலைக்கு எடுக்க மாட்டான். கூட்டிக்கொண்டு போங்க!"

டிசம்பரில் மாமா வந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே அம்மா பொலிஸ் கதையை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார். மாமா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்ற சிப்பாயும் காரணம் தெரியாமல் சிரித்தான்.

அன்றிலிருந்து பூசானிலிருந்து எப்போது அழைப்பு வந்தாலும் மாமா முதலில் கேட்பது என் மார்க்ஸைத்தான். போன கிறிஸ்மஸுக்கு அவருடைய பேரப்பிள்ளைகளும் சேர்ந்து கேட்டார்கள். நான் பதில் சொல்லக் கொரியனில் சொல் தேடிக்கொண்டிருக்க, அம்மா தொலைபேசியைப் பறித்து, "நாப்பத்தொண்டு. பாவம், முயற்சி பண்ணுறான்" என்றார். அதை அவர் சொன்னது கொரியனில். ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது.